பல்நோக்கு விளையாட்டரங்கின் அமைப்பும் பயன்பாடும்: தில்லி நேரு விளையாட்டரங்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கட்டடக்கலை வரலாறு என்றவுடன் கோயில், கோட்டை, அரண்மனை ஆகியனவே தமிழ் ஆய்வுலகில் முதலில் நினைவுக்கு வருகின்றன. இக்காலத்தில் பல்லாயிரம் மக்கள் ஓரிடத்தில் கூடுவதற்கென்றே எழுப்பப்படும் கட்டடமான விளையாட்டரங்கு, போட்டிச் செய்திகளின் பின்னணியாக மட்டுமே பேசப்படுகிறது. அதன் அமைப்பு, அதனைக் கட்டியோர், போட்டிகள் முடிந்தபின் அது பெற்ற பயன்பாடு ஆகியவை ஆய்வுப் பொருளாவது அரிது.

தில்லியிலுள்ள சவகர்லால் நேரு விளையாட்டரங்கு 1982ஆம் ஆண்டு ஒன்பதாவது ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டது. 2025 நவம்பரில், இவ்வரங்கை முற்றிலும் அகற்றி, 102 ஏக்கர் வளாகத்தில் விளையாட்டு நகரம் ஒன்றை அமைக்கும் திட்டம் நடுவண் விளையாட்டு அமைச்சகத்தின் சார்பில் வெளிப்பட்டது. ஒரு கட்டடம் மறையவிருக்கும் வேளையில் அதன் வரலாற்றைத் தொகுத்துக் காண்பது தேவையாகிறது. அனைத்து விளையாட்டுகளுக்கும் உரியது என்று எழுப்பப்படும் அரங்கு உண்மையில் யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாவை முன்வைத்து, நேரு விளையாட்டரங்கின் அமைப்பையும் பயன்பாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கு: சொல்லும் பொருளும்

விளையாட்டு நிகழும் இடத்தைக் குறிக்கத் தமிழில் களம், திடல், மன்றம், வெளி, அரங்கு எனப் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. இவற்றுள் திடலும் வெளியும் எல்லை வகுக்கப்படாத நிலப்பரப்பைச் சுட்டுவன. களம் என்பது நெற்களம், போர்க்களம் என்றாற்போலச் செயலால் பெயர்பெறும் இடம். செயல் முடிந்ததும் அது மீண்டும் வெறும் நிலமாகிவிடும். அரங்கு என்பதோ அளந்து எல்லை வகுத்துச் செய்யப்பட்ட இடமாகும். ஆற்றிடைக்குறையையும் அரங்கம் என்னும் சொல் குறிப்பது இங்கு எண்ணத்தக்கது. நாற்புறமும் சூழப்பட்டுத் தனித்து நிற்பது என்னும் கருத்து இரு பொருளுக்கும் பொதுவாக அமைகிறது.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கின் இலக்கணத்தை அளவுகளோடு கூறுகிறது. இருபத்து நான்கு விரல் அளவுடைய கோலால் ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டதாக அரங்கு வகுக்கப்படுகிறது. புகவும் வெளியேறவும் இரு வாயில்கள் அமைகின்றன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்படுகின்றன. அளவு, வாயில், ஒளி ஆகிய மூன்றையும் காண்போர் நிலையிலிருந்து சிந்தித்திருப்பதே இதன் சிறப்பு. இக்கால விளையாட்டரங்கின் வடிவமைப்பாளரும் இம்மூன்றையே முதன்மையாகக் கருதுகின்றனர்.

ஏறு தழுவுதலைப் பாடும் முல்லைக்கலிப் பாடல்களில், ஏறுகள் அடைக்கப்படும் தொழுவும், மகளிர் இருந்து காணும் பரணும் இடம்பெறுகின்றன. ஆடுவோர்க்கு அடைப்பு, காண்போர்க்கு உயர்ந்த இருக்கை என்னும் பாகுபாட்டை அங்கும் காண்கிறோம். தமிழகத்திற்கு வெளியே, நாகார்சுனகொண்டாவில் இக்குவாகு மன்னர் காலத்தைச் சேர்ந்த, நாற்புறமும் படிவரிசைகள் கொண்ட அரங்கொன்று அகழாய்வில் வெளிப்பட்டது. அணை நீரில் மூழ்கும் பகுதியிலிருந்து அது பெயர்த்தெடுக்கப்பட்டு அனுப்பு என்னுமிடத்தில் மீளமைக்கப்பட்டுள்ளது. எனவே படிவரிசை அரங்கு என்பது இந்திய மண்ணுக்கு முற்றிலும் புதிய கருத்தன்று. பல விளையாட்டுகளை ஒரே கட்டடத்துள் அடக்கும் முயற்சியே இருபதாம் நூற்றாண்டுக்குரிய புதுமை எனலாம்.

முன்னோடி: இர்வின் அரங்கும் தேசிய விளையாட்டரங்கும்

நேரு விளையாட்டரங்கின் வரலாற்றை அறிவதற்கு அதற்கு முற்பட்ட மற்றோர் அரங்கைக் காணவேண்டும். புதுதில்லியில் அரசப் பிரதிநிதி மாளிகையிலிருந்து இந்தியா கேட் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் நேர்க்கோட்டில், பழைய கோட்டைக்கு முன்னே, 1933ஆம் ஆண்டு ஓர் அரங்கு எழுந்தது. பவநகர் மன்னரின் நன்கொடையால் கட்டப்பட்ட அவ்வரங்கு, முன்னாள் அரசப் பிரதிநிதியின் பெயரால் இர்வின் அரங்கு என வழங்கப்பட்டது. ஆட்சி மாளிகையின் எதிர்முனையில் விளையாட்டரங்கை நிறுத்திய இந்த இடத்தெரிவு நோக்கத்தக்கது. விளையாட்டு மட்டுமன்றி அணிவகுப்பும் காட்சியும் நிகழ்வதற்கேற்ற இடமாக அது அமைந்தது.

பின்வந்த வரலாறு இதனை உறுதிசெய்கிறது. 1950 சனவரி 26 அன்று குடியரசு நாளின் முதல் அணிவகுப்பு இவ்வரங்கில்தான் நடைபெற்றது. இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ அதில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டார். 1955 முதலே ராசபாதை அணிவகுப்பின் நிலையான இடமாயிற்று. முதல் அணிவகுப்புக்கு ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1951 மார்ச் 4 முதல் 11 வரை முதலாவது ஆசிய விளையாட்டுகள் இங்கு நடைபெற்றன. அவ்விளையாட்டுகளையொட்டி அரங்கின் பெயர் தேசிய விளையாட்டரங்கு என மாற்றப்பட்டது. 11 நாடுகள் பங்கேற்ற அப்போட்டிகளில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் லெவி பின்டோ வென்றார். கால்பந்து இறுதிப் போட்டியில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை இந்தியா வென்றது. விடுதலை பெற்று நான்காண்டுகளுக்குள் ஆசிய நாடுகளைத் தன் தலைநகரில் கூட்டிய நிகழ்வு என்னும் வகையில் அது விளையாட்டைக் கடந்த பொருளுடையதாயிற்று.

ஓர் அரங்கு, ஈராண்டுக்குள் அணிவகுப்புக்கும் ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் பயன்பட்டதை இதனால் அறியமுடிகிறது. பல்நோக்கு என்னும் கருத்து முதலில் நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. ஏழ்மையுற்ற புதிய நாட்டுக்கு ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனி அரங்கு கட்ட இயலாது. இத்தேவையே பிற்காலத்தில் கொள்கையாகவும் பெருமிதமாகவும் மாறியது. இவ்வரங்குக்கு 2002இல் வளைகோற்பந்து வீரர் தயான்சந்தின் பெயர் சூட்டப்பட்டது. 2010இல் அது வளைகோற்பந்துக்கெனவே மீளக் கட்டப்பட்டது. பல்நோக்கு அரங்காகத் தோன்றியது ஒருநோக்கு அரங்காக முடிந்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

1982: நேரு விளையாட்டரங்கின் தோற்றம்

1982 நவம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுகளை நேரு விளையாட்டரங்கில் தொடங்கிவைத்தார். 33 நாடுகள் பங்கேற்றன. யானைக்குட்டி அப்பு விளையாட்டுகளின் சின்னமாயிற்று. அவ்வாண்டில் இந்தியாவில் அறிமுகமான வண்ணத் தொலைக்காட்சி தொடக்கவிழாவை நாட்டின் பல பகுதிகளுக்குக் கொண்டுசென்றது. ஏறத்தாழ 75,000 பேர் அமரத்தக்கதாகக் கட்டப்பட்ட அரங்கை, அதனினும் பன்மடங்கான மக்கள் திரையில் கண்டனர். விளையாட்டரங்கின் வரலாற்றில் இஃது ஒரு திருப்பம். அதுவரை அரங்கு அங்கு வந்திருந்தோர்க்காக அமைந்தது. இனி, வராதோர்க்காகவும் அமைய வேண்டியதாயிற்று.

தடகளத்தில் மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் எம்.டி. வல்சம்மாவும் ஆடவர் 800 மீட்டர் ஓட்டத்தில் சார்லஸ் பொரோமியோவும் தங்கம் வென்றனர். பி.டி. உசா 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி பெற்றார். ஏழாண்டு கழித்து, 1989இல் இதே தில்லியில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டிகளில் அவர் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார்.

ஆசிய விளையாட்டுகள் தில்லிக்கு அளித்தவை அரங்குகள் மட்டுமல்ல. மேம்பாலங்கள், தங்கும் விடுதிகள், விளையாட்டுக் கிராமம் எனத் தென்தில்லியின் தோற்றமே மாறியது. கட்டி முடித்தபின் இவற்றைப் பேணுவது யார் என்னும் கேள்வி எழுந்தது. 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் நிறுவப்பட்டமைக்கு, 1982இல் கட்டப்பட்ட அரங்குகளைப் பராமரிப்பதும் ஒரு காரணமாகும். விளையாட்டை வளர்ப்பதற்கென அமைந்த ஒரு தேசிய நிறுவனத்தின் தொடக்கப் பணிகளுள் ஒன்று கட்டடங்களைக் காப்பது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கட்டியவர்கள்

அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணங்களைக் கூறுகிறது. அரங்கை அமைத்த கைகளைப் பற்றி அது பேசுவதில்லை. இக்கால அரங்குகளின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்படுகிறது. எனினும் 1982ஆம் ஆண்டின் அரங்குகளைக் கட்டிய தொழிலாளர் பற்றி உறுதியான ஓர் ஆவணம் நமக்குக் கிடைக்கிறது. அது உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகும்.

ஆசிய விளையாட்டுகளுக்கான கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட தொழிலாளர் நிலையை மக்கள் சனநாயக உரிமைகள் ஒன்றியம் என்னும் அமைப்பு ஆராய்ந்தது. அதன் அடிப்படையில் அவ்வமைப்பு நீதியரசர் பி.என். பகவதிக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொழிலாளர் பல மாநிலங்களிலிருந்து சமேதார் எனப்படும் இடைத்தரகர் வழியாக அழைத்துவரப்பட்டிருந்தனர். அந்நாளில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயைச் சமேதார் பிடித்துக்கொள்ள, தொழிலாளர் கைக்கு 8 ரூபாய் 25 காசே சென்றது. பெண்களுக்கு 7 ரூபாயே கொடுக்கப்பட்டதாகவும், பதினான்கு வயதுக்குட்பட்ட சிறார் பணியில் ஈடுபடுத்தப்பட்டதாகவும் மனுவில் குற்றஞ்சாட்டப்பட்டது.

1982 செப்டம்பர் 18 அன்று, விளையாட்டுகள் தொடங்க இரண்டு மாதங்கள் இருந்த நிலையில், தீர்ப்பு வழங்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று ஒருவர் உழைக்க நேர்ந்தால், அவரை அந்நிலைக்குத் தள்ளுவது வறுமையாயினும், அது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறியது. கட்டுமானப் பணி இடர்மிக்கது என்பதால் அதில் சிறாரை ஈடுபடுத்துவது 24ஆம் உறுப்புக்கு மாறானது என்றும் அறிவித்தது. ஒப்பந்தக்காரரை முன்னிறுத்தி அரசு தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள இயலாது என்பதும் நிலைநாட்டப்பட்டது.

பொதுநல வழக்கு மரபில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோளாகிறது. ஆயினும் விளையாட்டரங்குகளின் வரலாற்றில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. சட்டக் கல்லூரி மாணவர் இத்தீர்ப்பைப் படிக்கின்றனர். விளையாட்டு ஆர்வலர் பதக்கப் பட்டியலைப் படிக்கின்றனர். இரண்டும் ஒரே ஆண்டின், ஒரே கட்டுமானப் பணிகளின் வரலாறு என்பதை இருசாராரும் அறியாமல் போகின்றனர். 8 ரூபாய் 25 காசு என்பது அவ்வாண்டின் அரங்குகளுடைய அளவுகளுள் ஒன்றாக, அகலத்தோடும் நீளத்தோடும் சேர்த்துக் குறிக்கப்பட வேண்டியதாகும்.

அமைப்பின் கணக்கு: தடமும் களமும்

பல்நோக்கு அரங்கின் அடிப்படைச் சிக்கல் அளவுகளில் அடங்கியுள்ளது. 400 மீட்டர் ஓடுதடத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர். இரு முனைகளிலும் அமையும் அரைவட்டங்களின் ஆரம் 36.5 மீட்டர். ஆகவே தடத்தின் உட்புற அகலம் 73 மீட்டர். ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலமுடைய எட்டு ஓடுபாதைகளைச் சேர்த்தால், தடம் முழுவதும் ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 92.5 மீட்டர் அகலமும் கொண்டதாகிறது.

105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடைய கால்பந்துக் களம் இதனுள் நன்கு அடங்கும். தடகளமும் கால்பந்தும் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொள்வதற்கு இதுவே காரணம். ஆனால் களம் அடங்குவது வேறு. காண்போர்க்கு அது நன்கு புலனாவது வேறு. கால்பந்துக் களத்தின் கோல்கோட்டுக்கும் தடத்தின் வெளிவிளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 36 மீட்டர் இடைவெளி விழுகிறது. முதல் வரிசையில் அமர்ந்தவரும் அவ்வளவு தொலைவுக்கு அப்பாலிருந்தே கோலைக் காணவேண்டும். பக்கவாட்டிலும் 12 மீட்டருக்கு மேல் இடைவெளி உண்டு. கால்பந்தில் களத்தின் எந்த மூலையும் இருக்கையிலிருந்து 190 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது வடிவமைப்பாளர் கொள்ளும் வரம்பு. தடம் சூழ்ந்த பேரரங்கில் மேல்வரிசைகள் இவ்வரம்பை நெருங்கிவிடுகின்றன.

கிரிக்கெட் இச்சிக்கலை மேலும் பெரிதாக்குகிறது. இன்றைய பன்னாட்டு விதிப்படி ஆடுதளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு 59.43 மீட்டருக்குக் குறையாமலும் 82.29 மீட்டருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். குறைந்த அளவைக் கொண்டாலும் களத்தின் குறுக்களவு ஏறத்தாழ 119 மீட்டராகிறது. தடத்தின் வெளி அகலமோ 92.5 மீட்டரே. ஆகவே கிரிக்கெட்டுக்கும் இடமளிக்கும் அரங்கில் படிவரிசைகள் தடத்தைவிட்டு இன்னும் விலகவேண்டும். அவ்வாறு விலகினால் கால்பந்து காண்போர் மேலும் தொலைவாவர். ஒரு விளையாட்டுக்கு அளிக்கும் இடம் மற்றொரு விளையாட்டின் காண்போரிடமிருந்து எடுக்கப்படுகிறது.

பார்வைக்கோடு என்பது மற்றொரு கூறு. பின்வரிசையில் இருப்பவரின் பார்வை முன்வரிசையில் இருப்பவரின் தலையைக் கடந்து களத்தின் அண்மை விளிம்பைச் சேரவேண்டும். இதற்கேற்பப் படிகளின் உயரம் வரிசைதோறும் கணக்கிடப்படுகிறது. எந்த விளிம்பை இலக்காகக் கொள்வது என்பதே பல்நோக்கு அரங்கில் எழும் வினா. ஓடுதடத்தின் வெளிப்பாதையைக் கொண்டால் படிவரிசை செங்குத்தாகும். கால்பந்தின் பக்கக்கோட்டைக் கொண்டால் வெளிப்பாதையில் ஓடுபவர் மறைவார். இக்கணக்கில் எல்லோர்க்கும் நிறைவளிக்கும் விடை இல்லை. எந்த விளையாட்டை முதன்மையாகக் கொள்கிறோம் என்னும் தேர்வே உண்டு.

பயன்பாடு: ஆட்டம், இசை, அலுவலகம்

நேரு விளையாட்டரங்கில் கிரிக்கெட்டும் ஆடப்பட்டது. 1984 செப்டம்பர் 28 அன்று இந்திய, ஆத்திரேலிய அணிகள் மோதிய ஒருநாள் போட்டி இங்கு மின்னொளியில் நிகழ்ந்தது. இந்தியாவில் நடைபெற்ற முதல் பகலிரவுப் பன்னாட்டு ஒருநாள் போட்டி அதுவே. ஆசிய விளையாட்டுகளுக்கென நிறுவப்பட்ட ஒளியமைப்பு கிரிக்கெட்டின் ஒரு புதிய வடிவத்துக்கு வழிவகுத்தது. அப்போட்டியில் ஆத்திரேலிய அணிக்காக நூறு ஓட்டங்களுக்கு மேல் எடுத்தவர் கெப்ளர் வெசல்ஸ். 1991 நவம்பர் 14 அன்று இதே அரங்கில் இந்தியாவை எதிர்த்து அவர் மீண்டும் ஆடினார். இம்முறை, நிறவெறிக் கொள்கையால் நீண்டகாலம் விலக்கப்பட்டிருந்து மீண்டும் பன்னாட்டுக் களம் புகுந்த தன் தாயகமான தென்னாப்பிரிக்காவுக்காக 90 ஓட்டங்கள் எடுத்தார். ஒரு மனிதரின் இரு நாட்டு வாழ்க்கைக்கும் ஓர் அரங்கு சான்றாக நின்றது. இவ்விரு போட்டிகளுக்குப்பின் பன்னாட்டு ஒருநாள் கிரிக்கெட் இவ்வரங்குக்குத் திரும்பவில்லை. கிரிக்கெட்டுக்கென அமைந்த பெரோசு சா கோட்லா களமே அதன் இடமாக நிலைத்தது.

1988 செப்டம்பர் 30 அன்று, மனித உரிமைகளுக்காக உலகெங்கும் பன்னாட்டுப் பொதுமன்னிப்பு அவை நடத்திய இசைப் பயணத்தின் தில்லி நிகழ்ச்சி இவ்வரங்கில் நடைபெற்றது. ஆறாண்டுகளுக்கு முன் தொழிலாளர் உரிமைகள் மீறப்பட்டதாக நீதிமன்றம் சென்ற கட்டுமானப் பணிகளின் விளைவான ஓர் அரங்கில் மனித உரிமைக்கான இசை எழுந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

கால்பந்தில், 2012ஆம் ஆண்டின் நேரு கோப்பையும், 2014 முதல் 2019 வரை இந்தியன் சூப்பர் லீக்கின் தில்லி டைனமோஸ் அணியின் ஆட்டங்களும் இங்கு நடைபெற்றன. 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் மூன்று ஆட்டங்களும் இவ்வரங்கிலேயே நிகழ்ந்தன. அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்த கோல், கால்பந்து உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியா அடித்த முதல் கோலாகப் பதிவாயிற்று.

வெளியில் அதிகம் பேசப்படாத மற்றொரு பயன்பாடும் உண்டு. படிவரிசைகளின் கீழேயும் வளாகத்துள்ளும் அலுவலகங்கள் இடம்பெற்றன. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தலைமையகமும், ஊக்கமருந்துச் சோதனைக்கான தேசிய ஆய்வகமும் இவ்வளாகத்திலேயே இயங்கிவந்தன. போட்டிகள் ஆண்டில் சில நாள்களே நிகழ, கோப்புகளின் நடமாட்டம் ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. அரங்கின் அன்றாடப் பயன்பாடு எனக் கணக்கிட்டால், ஓட்டப் பயிற்சிக்கு அடுத்த நிலையில் அலுவலகப் பணியையே குறிப்பிடவேண்டும்.

இப்பயன்பாடுகளுக்கிடையே மோதலும் எழுந்தது. 2024 அக்டோபர் இறுதியில் இங்கு இரு நாள் நிகழ்ந்த இசை நிகழ்ச்சிக்குப்பின், தடமெங்கும் குப்பை கிடப்பதையும் பயிற்சிக் கருவிகள் சேதமுற்றிருப்பதையும் அங்குப் பயிலும் ஓட்ட வீரர் ஒருவர் காணொளியில் பதிவுசெய்தார். பெருநிகழ்ச்சி வருவாய் தருகிறது. அன்றாடப் பயிற்சியோ வருவாய் தருவதில்லை. இவ்விரண்டுள் எதற்கு முதலிடம் என்னும் வினா, தடத்தில் கிடந்த குப்பையின் வடிவில் வெளிப்பட்டது.

2010: கூரையும் செலவும்

2010ஆம் ஆண்டு மாற்றியமைப்பு பழைய அரங்கை ஏறத்தாழப் புதிய அரங்காக்கியது. இருக்கைகளின் எண்ணிக்கை சுமார் 60,000 ஆகக் குறைந்தது. செருமானியக் கட்டடக்கலை நிறுவனமான ஜி.எம்.பி.யும் பொறியியல் நிறுவனமான சிலைக் பெர்கர்மனும் கூரையை வடிவமைத்தன. மிதிவண்டிச் சக்கரத்தின் தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது அக்கூரை. வெளிவளையம் அழுத்தத்தைத் தாங்க, உள்வளையம் இழுவிசையில் நிற்க, இரண்டையும் ஆரக்கால்கள் போல வடங்கள் இணைக்கின்றன. அவற்றின்மேல் மென்சவ்வு போர்த்தப்பட்டது. இதனால் காண்போர் பகுதியில் பார்வையை மறைக்கும் தூண்கள் தேவைப்படவில்லை. தூணின் நிழலும் ஆட்டத்தை மறைக்கலாகாது என்று எண்ணிய பழந்தமிழ் அரங்கியல் அறிவோடு இதனை ஒப்புநோக்கலாம்.

மாற்றியமைப்புக்கு 961 கோடி ரூபாய் செலவானதாக அந்நாளைய செய்திகள் தெரிவித்தன. விளையாட்டுகள் தொடங்கப் பன்னிரண்டு நாள்களே இருந்த நிலையில், செப்டம்பர் 21 அன்று அரங்கையொட்டிக் கட்டப்பட்டுவந்த நடைமேம்பாலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் காயமுற்றனர். 1982இல் வழக்குத் தொடுத்த அதே அமைப்பு, 2010லும் தொழிலாளர் நிலை குறித்துத் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. விளையாட்டுகளின் நிதி மேலாண்மை குறித்த தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2011 ஆகத்தில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

எனினும் களத்தில் நிகழ்ந்தவை மறக்கத்தக்கனவல்ல. அக்டோபர் 11 அன்று வட்டெறிதலில் கிருட்டிணா பூனியா தங்கமும், ஏனைய இரு இந்தியப் பெண்கள் வெள்ளியும் வெண்கலமும் வென்றனர். 1958இல் மில்கா சிங் பெற்ற தங்கத்துக்குப்பின் இவ்விளையாட்டுகளின் தடகளத்தில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. மறுநாள் மகளிர் 4×400 மீட்டர் தொடரோட்டத்திலும் இந்தியா தங்கம் வென்றது. 2025 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை மாற்றுத்திறனாளிகளுக்கான உலகத் தடகளப் போட்டிகள் இந்தியாவில் முதன்முறையாக நடைபெற்றதும் இவ்வரங்கில்தான். அப்போட்டிகளுக்காகப் புதிய ஓடுதடம் அமைக்கப்பட்டது. அரங்கை அகற்றும் திட்டம் பற்றிய செய்தி வெளிவந்தது அப்போட்டிகள் முடிந்து ஏறத்தாழ ஐந்து வாரங்களில்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

பல்நோக்கு அரங்கு என்னும் கருத்து இந்தியாவில் சிக்கனத் தேவையாகத் தொடங்கிப் பெருநிகழ்ச்சிகளின் வெளிப்பாடாக வளர்ந்தது. 1951, 1982, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அரங்கின் வடிவத்தைத் தீர்மானித்தவை பன்னாட்டுப் பெருவிழாக்களே. இடைப்பட்ட ஆண்டுகளின் அன்றாடப் பயன்பாடு வடிவமைப்பின் அடிப்படையாகக் கொள்ளப்படவில்லை.

தடம், கால்பந்துக் களம், கிரிக்கெட் களம் ஆகியவற்றின் அளவுகள் தம்முள் முரண்படுவன. மூன்றையும் ஒருங்கே நிறைவுசெய்யும் வடிவம் இல்லை. காலப்போக்கில் கிரிக்கெட் இவ்வரங்கைவிட்டு விலகியமையும், தேசிய விளையாட்டரங்கு வளைகோற்பந்துக்கெனத் தனித்தமையும் இதற்குச் சான்றுகள். தடகளமே இவ்வரங்கோடு இறுதிவரை நிலைத்தது.

அரங்கைக் கட்டிய தொழிலாளர் வரலாறு அரங்கின் வரலாற்றினின்றும் பிரிக்கப்பட்டுள்ளது. 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்விரண்டையும் இணைக்கும் முதன்மைச் சான்றாகும். 2030ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்தும் வாய்ப்பு 2025 நவம்பரில் அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுள்ள நிலையில், புதிய அரங்குகள் எழும்போது இச்சான்று மீண்டும் படிக்கப்படுதல் வேண்டும்.

அரங்கு அகற்றப்படுமாயின், அதன் அளவுகள், வரைபடங்கள், அங்கு ஆடியோர், அதனைக் கட்டியோர், அதன் நிழலில் நாள்தோறும் பயின்றோர் ஆகியோர் பற்றிய பதிவுகள் அதற்கு முன்னரே தொகுக்கப்படுதல் இன்றியமையாதது. பழங்காலப் புகாரின் ஆடரங்கு இன்று இல்லை. எனினும் அதன் அளவுகளை ஒரு புலவர் எழுதிவைத்தமையால் அதனை நாம் அறிகிறோம். அப்பணியை நம் காலத்து அரங்குகளுக்கும் செய்வது ஆய்வாளர் கடன்.